முப்பத்தொன்றாவது டவருக்குத் தண்ணீர்

“தண்ணி வரட்டும் மேடம். அவசரப்படாதீங்க.”

ஏழுமலை அண்ணன் இதைச் சொன்னபோது நாங்கள் கல்வராயன் மலையில், முப்பத்தொன்றாவது டவரின் காலடியில் நின்றுகொண்டிருந்தோம். கத்திரி வெயில். தெரியாத்தனமாக டவரின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் கரும்பாறை, நடுநடுவே காய்ந்த புல். தலைக்கு மேலே கம்பிகள் மலை இறங்கி, அடிவாரத்துத் துணை மின்நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

அண்ணன் எங்கள் மின்பாதைப் பிரிவின் ஃபோர்மேன். ஐம்பதைத் தாண்டியவர். கீழே வேலை பார்ப்பவர்களைக்கூட ஒருமையில் அழைக்காத மனிதர். அவர் காலடியில் எர்த் மெகர் இருந்தது. மரப்பெட்டிக்குள் இருக்கும் கருவி அது. அதை மண்ணோடு இணைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால், டவரிலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் இறங்க எவ்வளவு தடை இருக்கிறது என்று முள் காட்டும். எண் குறைவாக இருந்தால் நல்லது. இடி விழுந்தால் மண் குடித்துவிடும்.

“மெகர் ரெடியாத்தானே இருக்கு அண்ணே. தண்ணி குடிக்கவா?” என்று கேட்டேன்.

“குடிக்க இல்ல மேடம், எர்த்துக்கு. தண்ணி ஊத்தாம எப்பிடி மீட்டர் வெக்கிறது?”

கீழே ஓடைப் பக்கமிருந்து இரண்டு ஆட்கள் தோளில் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு குடத்தில் உப்பைக் கரைத்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் வந்தது. பதினெட்டு நாள் முன்பு அடிவாரத்து மின்நிலையத்தில் செத்துப்போன ஜாஃபரை நினைத்தல்ல. முதலில் எனக்காகத்தான் பயந்தேன். இதை மட்டும் மழுப்பாமல் எழுதிவிட வேண்டும்.

மலையேறாத இஞ்சினியர்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பூர்வீகம் மனப்பாடமாகியிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய குடும்பத்தின் மூத்த பெண் நான். உதவித்தொகையில் படித்து மின்பொறியாளர் ஆனவள்.

அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் பெண் இஞ்சினியர் நான் ஒருத்திதான். பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. எதிரே குடியிருந்த ஒரு கிளார்க்கின் மனைவி கொல்லைப்புறச் சாவியைக் கொடுத்து வைத்திருந்தார். காலையில் தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகிற பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

“மலைக்கெல்லாம் நீ போக வேணாம்மா, கணக்கு மட்டும் பாரு” என்றார் மேலதிகாரி. அக்கறையாகத்தான் சொன்னார். நானும் சரியென்று தலையாட்டினேன். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் ஒருமுறை போய், ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தியெடுத்தவள் நான். மேசை வேலை என்றால் கசக்குமா?

அப்படித்தான், மலையேறாமலே மலைக்குக் கணக்குப் போட்டேன். மலைமேல் போகும் அந்தப் புதிய மின்பாதையில் இடி விழுந்தால் அழுத்தம் எப்படி ஓடும், அடிவாரத்து மின்நிலையத்தை என்ன செய்யும், அதைத் தடுக்க எந்தெந்த இடத்தில் அரெஸ்டர் வைக்க வேண்டும் என்று நான் எழுதித் தர வேண்டும். அரெஸ்டர் என்பது எகிறி வரும் அழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் தடுப்பான். விலை அதிகம். அதனால் தேவையில்லாத இடத்தில் வைக்க மாட்டார்கள்.

ஜாஃபர் வைத்த பெயர்

இடி கம்பியில் இறங்கினால் கம்பி அறுந்து விழும், அவ்வளவுதானே என்று என் தங்கைகூடக் கேட்டிருக்கிறாள். அது அவ்வளவு சுலபமில்லை.

அழுத்தம் அலையாக எழுந்து கம்பியில் இரண்டு பக்கமும் ஓடும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க, ஒரு விநாடியை லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. போகிற வழியில், எதனோடும் இணைக்காமல் திறந்து வைத்த முனை வந்தால், மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் மோதுகிற மாதிரி அங்கே எகிறும். ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிறகு வந்த வழியே திரும்பி ஓடும், மறுபடி எங்காவது முட்டும்.

இந்த ஓட்டத்தைக் காகிதத்தில் பிடிக்க ஒரு முறை உண்டு. வரைபடத் தாளில் இடமிருந்து வலமாகத் தூரம், மேலிருந்து கீழாக நேரம். அலை போக ஒரு சாய்கோடு, திரும்ப ஒரு சாய்கோடு. ஒவ்வொரு கோட்டின் மேலும் பென்சிலால் ஓர் எண். ஓரிடத்தில் ஒரு கணத்தில் என்ன அழுத்தம் என்று தெரிய, அதுவரை அங்கே வந்து சேர்ந்த கோடுகளையெல்லாம் கூட்ட வேண்டும். சென்னையில் கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் முறை வர மாதக்கணக்காகும். ஆகவே நான், ஒரு கால்குலேட்டர், ஒரு கட்டு வரைபடத் தாள்.

ஜாஃபர் அதைக் கோலம் என்பான்.

அடிவாரத்து மின்நிலையத்தில் ஆபரேட்டர் அவன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கயிறு, வாளி, முறம் விற்கும் கடைக்காரரின் மகன். அந்த வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளம் அவனுடையது. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். வாரத்தில் ஒருநாள் குறிப்பேடுகளைக் கொடுக்க அலுவலகத்துக்கு வருவான். வந்தால் என் மேசைக்கு வராமல் போக மாட்டான்.

“இன்னா மேடம், மார்கழி முடிஞ்சி எத்தினி மாசம் ஆச்சி? இன்னும் கோலம் போட்டுக்கினு இருக்கீங்க?”

“போடா, உனக்காகத்தான் போடுறேன்.”

“இதுல நான் எங்க மேடம் இருக்கேன்?”

வலது ஓரத்தில் இருந்த செங்குத்துக் கோட்டைக் காட்டினேன். மின்நிலையம் அதுதான். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

“எல்லாக் கோடும் இங்கதான் வந்து முட்டுது. கொஞ்சம் கம்மியா முட்டுற மாதிரி போடுங்க மேடம், புண்ணியமாப் போவும்” என்றான். நானும் சிரித்தேன், பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

கேள்விக்குறி

என் கணக்கு முழுவதும் ஓர் எண்ணில் நின்றது. டவர் காலடியில் மண்ணின் தடை. அது குறைவாக இருந்தால் இடி டவர் வழியாக மண்ணுக்குப் போய்விடும், கம்பியில் அலையே பிறக்காது. அதிகமாக இருந்தால் போக வழியில்லாமல் டவரிலேயே அழுத்தம் ஏறி, டவரையும் கம்பியையும் பிரிக்கும் பீங்கான் இன்சுலேட்டரைத் தாண்டிக் கம்பிக்குப் பாயும்.

ஐப்பசி மழை முடிந்த கையோடு ஏழுமலை அண்ணன் குழு மலையேறி, டவர் டவராக அளந்து பட்டியல் அனுப்பியது. முத்து முத்தான கையெழுத்து. பத்து, பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று. ஒன்றுகூடப் பதினைந்தைத் தாண்டவில்லை.

மின்சாரம் எளிதில் இறங்காத கரும்பாறையில் பத்தா? கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவிக்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. பட்டியலில் முப்பத்தொன்றாவது டவருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். மலைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றும் நினைத்தேன்.

அப்புறம் அந்த எண்களை வைத்துக் கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். என்ன சொல்வது, அத்தனை அழகாக வந்தது. அலைகள் எல்லாம் அடங்கி ஒடுங்கின. கம்பி மின்நிலையத்துக்குள் நுழையும் வாசலில் தனியாக அரெஸ்டர் தேவையில்லை, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருப்பதே போதும் என்று விடை வந்தது. செலவைக் குறைத்த கணக்கு என்று மேலதிகாரி நாலு பேர் முன்னால் பாராட்டினார். சென்னையில் ஒரு கருத்தரங்கில் படிக்கச் சொன்னார். கூலிக்காரர் மகள் சென்னையில், மேடையில். அம்மாவை அழைத்துப் போகப் புதுப்புடவை வாங்கினேன்.

கேள்விக்குறியை ரப்பரால் அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

வெயில் அடித்த பிற்பகல்

அடுத்த சித்திரையில் ஒரு பிற்பகல். மலைமேல் மேகம் கட்டி இடி இடித்தது. அடிவாரத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, பளீரென்று வெயில். இடி மின்னல் என்றால் ஆபரேட்டர்கள் வெளியே போக மாட்டார்கள். வெயிலில் யாருக்குப் பயம்? டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் அளவைக் குறித்துக்கொள்ள ஜாஃபர் வழக்கம்போல முற்றத்துக்குப் போனான்.

அன்று பராமரிப்பு வேலைக்காக அந்த மின்பாதை எங்கள் முனையில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதாவது, உள்ளே இருந்த அரெஸ்டருக்கும் கம்பிக்கும் தொடர்பு இல்லை. வாசலில் ஒன்று வேண்டாம் என்று என் கணக்கு சொல்லிவிட்டது. மலையில் இடி முப்பத்தொன்றாவது டவரில் விழுந்து, மண் குடிக்காமல், கம்பிக்குப் பாய்ந்தது. அலை மலை இறங்கி வந்து திறந்த முனையில் மோதி இரண்டு மடங்காக எகிறியது. அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு பீங்கான் தூண் நின்றது, மின்னோட்டத்தை அளக்கும் கருவி, உள்ளே எண்ணெய். அது வெடித்தது. சிதறிய பீங்கான் துண்டு ஜாஃபரின் கழுத்தில் பாய்ந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இருபத்தாறு வயது. நான் போனபோது கயிற்றுக்கடை அடைத்திருந்தது. பூட்டின் மேல் யாரோ ஒரு வாளியைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். அவன் அம்மாவின் அழுகை தெருமுனைவரை கேட்டது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

விசாரணைக்கு அறிக்கை கேட்டார்கள். மின்னலைப் பற்றிக் கணக்குப் போட்டது நான்தானே, என்னையே எழுதச் சொன்னார்கள். அதற்காகத்தான் முதன்முறையாக அந்த மலையில் நடந்தேன்.

முள்

இனி மறுபடியும் டவர் காலடிக்கு வருகிறேன்.

“அண்ணே, தண்ணி ஊத்தாம ஒரு தடவ வெச்சிப் பாருங்க.”

“அது தப்பா காட்டும் மேடம்.”

“பரவால்ல, வெயுங்க.”

மனசில்லாமல் இணைத்தார். கைப்பிடியைச் சுழற்றினார். முள் பத்தைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, நூற்றுக்கு அப்பால் போய் நின்றது.

“பாத்தீங்களா?” என்றார் அவர், பாடம் சொல்லும் குரலில். “காஞ்சி கெடக்குது. போன தடவ மொத நாளே குழி வெட்டி, உப்பு கரி போட்டு, குடம் குடமா ஊத்தி ஊற வெச்சிட்டு, மறுநாள்தான் மீட்டர் வெச்சோம். எல்லா டவருக்கும் அப்பிடித்தான். எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கு முதுவே போச்சி மேடம்.”

அவர் ஏமாற்றவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மின்நிலையங்களில் எர்த் குழிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். அது முறையான வேலை, அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அண்ணன் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்ததே குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளாகத்தான். காய்ந்த குழியில் மீட்டர் வைத்ததற்காக ஒரு பழைய ஃபோர்மேனிடம் கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறார். அந்தப் பாடத்தை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வேலையைச் சுத்தமாகச் செய்கிற மனிதர் செய்த தப்பு. சோம்பேறியாக இருந்திருந்தால் சரியான எண் வந்திருக்கும்.

“அண்ணே, கீழ ஸ்டேஷன்ல தினம் ஒருத்தர் ஊத்துறாரு. இங்க யாரு ஊத்துவா?”

ஆட்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிழல் தேடிப் போனார்கள்.

“சித்திரைல இடி விழும்போது இந்த மண்ணு இப்பிடித்தானே இருந்திருக்கும்?”

அவர் முள்ளைப் பார்த்தார். டவரை அண்ணாந்து பார்த்தார். கம்பி போகிற திசையில் மெல்லத் தலையைத் திருப்பினார். அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ ஜாஃபரு… என்னாலயா மேடம்?”

“இல்லை, எனக்கும் சந்தேகம் வந்தது, நான்தான் அழித்தேன்” என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அவர் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணே. உங்க பென்ஷன் போயிடும்.”

அவர் பென்ஷனைப் பற்றி நான் கவலைப்பட்டதாக அவர் நம்பினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

அளவுக்கு மீறிய மின்னல்

அறிக்கையில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். வடிவமைப்பில் எதிர்பார்த்த அளவுக்கு மீறிய மின்னல் என்று எழுதினேன். நாலு பக்கம், இரண்டு வரைபடம். ஒரு கேள்விகூட வரவில்லை. இயற்கையைக் குற்றவாளி ஆக்கினால் எல்லாருக்கும் நிம்மதி.

கூடுதல் பாதுகாப்பு என்ற பெயரில், மின்நிலைய வாசலில் அரெஸ்டர் வைக்கவும், மலை டவர்களின் காலடியில் நீளமாக எர்த் கம்பி புதைக்கவும் பரிந்துரைத்தேன். செய்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் வெடிக்கவில்லை. இதைச் சொல்லித்தான் பல வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத தேறுதல்.

பதவி உயர்வு வந்தது, வேறு ஊருக்கு மாற்றலானேன். அண்ணனுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. பயம்தான். எழுதினால் பதிலில் ஏதாவது எழுதிவிடுவாரோ என்ற பயம்.

கயிற்றுக்கடைக்காரர் வீடு

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு முகூர்த்தத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரப் பிடிக்காமல் எழுந்து வெளியே வந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை நடக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். ‘அம்மா, எண் தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது, நான் மறைத்துவிட்டேன்.’ அவ்வளவுதான்.

கடை இல்லை. கடைக்குப் பின்னால் வீடு இருந்தது. ஜாஃபரின் அப்பா காலமாகியிருந்தார். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஜாஃபரோடு வேலை பார்த்தவள் என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் டீ வைத்தார்.

“அவன் செத்து இத்தினி வருஷம் கழிச்சி ஒருத்தர் தேடிக்கினு வர்றீங்களே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஆரம்பித்தேன். “அம்மா, அன்னைக்கு நடந்தது இடியால மட்டும் இல்ல…”

“தெரியும்மா” என்றார் அவர். “அந்த ஏழுமலை வந்து சொல்லிட்டுப் போனாரு. மறுவருஷமே வந்தாரு.”

“ஏழுமலை அண்ணனா?” என்றேன்.

“வாசப்படில நின்னுக்கினு அழுதாரு. நான்தான் தண்ணி ஊத்தினேன், தப்பான நம்பரு எழுதினேன், என்னாலதான் உங்க புள்ள போனாருன்னாரு. எனுக்கு தண்ணியும் புரியல, நம்பரும் புரியல. என் புள்ளயக் கொன்னவன்னு மட்டும் புரிஞ்சிது. மண்ண வாரித் தூத்தினேன். ஏசாத ஏச்சு இல்ல.”

“அப்புறம்?”

“வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு வருவாரு. உள்ள வர மாட்டாரு. வெயில்ல நிப்பாரு. நான் கதவச் சாத்திக்குவேன். ஒரு வருஷம் வரல. விசாரிச்சா, மவுத்தாயிட்டாருன்னாங்க. ஒருவாட்டியாச்சும் அந்த மனுஷனுக்குத் தண்ணி குடுத்திருக்கலாம். குடுக்க மனசு வரல.”

டீ தம்ளரைக் கீழே வைத்தேன்.

“மொத வாட்டி வந்தப்பவே நான் கேட்டேன்மா அவர” என்றார். “இத்தினி பெரிய ஆபீஸ்ல நீ ஒருத்தன்தான் தப்பு பண்ணியா, வேற யாரும் பாக்கலியான்னு. வேற யாருக்கும் தெரியாது, நான் மட்டுந்தான்னு சொல்லிட்டாரு.”

ஜன்னல் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போனதும் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அங்க இன்னா வேல பாத்தீங்க?”

“கணக்குப் போடுற வேலைம்மா.”

“பாவம்” என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். “அவுங்க எழுதிக் குடுக்கறதத்தான நீங்க போடுவீங்க. உங்களுக்கு இன்னா தெரிஞ்சிருக்கும்?”

ஏழுமலை அண்ணனுக்காகவாவது நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. எட்டே வார்த்தை.

“ஆமாம்மா” என்றேன்.

டீ ஆறிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.